நாலாம் நம்பரின் சுற்று வழி

எங்கள் காகித ஆலைக்கு மரம் கொண்டுவரும் லாரிகள் ஒன்பது. எது எப்போது காட்டுக்குக் கிளம்ப வேண்டும், எது எத்தனை மணிக்கு வாசலுக்கு வர வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. எடை மேடையை ஒட்டிய அறைதான் எனக்கு இடம். ஜன்னலைத் திறந்தால் மரத்தூள், மூடினால் புழுக்கம். பதினாறு வருஷம் அதைத் திறப்பதும் மூடுவதுமாகவே போய்விட்டது.

ஒன்பது டிரைவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர். ஆலையில் அவருக்குப் பெயர் நாலாம் நம்பர், வீட்டில் ‘என்னங்க’. வயர்லெஸ்ஸில் நான் “நாலாம் நம்பர், எங்க இருக்கீங்க” என்று கேட்டால் மற்ற எட்டுப் பேரும் வாய்க்குள் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எப்படிக் கூப்பிட்டாலும் பதில் தாமதமாகத்தான் வரும்.

ஒரு வருஷமாக எனக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்ற இடத்திலிருந்தே ‘ம்’ என்பார். ரொம்ப வற்புறுத்தினால், பீரோவை நகர்த்துவது போல ஆள் மொத்தமாகத் திரும்புவார். முப்பது வருஷம் கூடவே கிடந்தவளைத் திரும்பிப் பார்க்கக்கூட மனசில்லாமல் போய்விட்டதா என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். அவர் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுவரோடு சண்டை போட்டால் நமக்குத்தான் தொண்டை வலிக்கும்.

இந்த வருஷம் காகிதம் வாங்குகிறவர்கள் புதிதாக ஒரு நிபந்தனை போட்டார்கள். ஒரு டன் மரம் காட்டிலிருந்து ஆலைக்கு வந்து சேர எவ்வளவு டீசல் எரிகிறது என்று எழுதிக் காட்ட வேண்டும். அதை ஒரு வருஷத்துக்குள் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கவும் வேண்டும். முடியாவிட்டால் காகிதத்தை வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். மானேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். அந்தக் காகிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, “நீங்கதான் மேடம் ஒரு வழி பண்ணணும்” என்றார். மேடம் என்று கூப்பிட்டாலே கூடுதல் வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

முதலில் வாசல் வரிசையைப் பிடித்தேன். முன்பெல்லாம் முதலில் வந்தவருக்கு முதலில் இறக்குவது என்பதுதான் வழக்கம். அதனால் எல்லோரும் விடிவதற்குள் வந்து, எஞ்சினை அணைக்காமல் மூன்று மணி நேரம் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு நேரம் குறித்துக் கொடுத்தேன். ஏழாம் நம்பர் டிரைவரை எல்லோரும் மீசை என்பார்கள். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “சொன்ன நேரத்துக்கு வந்தா சொன்ன நேரத்துல விடுவாங்கன்னு எந்த ஊர்ல கேட்டிருக்கீங்க” என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு மாதம் ஒருவரும் நம்பவில்லை. ஒன்பது மணி என்று குறித்தவரும் ஐந்து மணிக்கே வந்து நின்றார். பிறகு ஒருவர் தூங்கி எழுந்து வந்து சரியான நேரத்தில் இறக்கிவிட்டுப் போனதைப் பார்த்து, ஒவ்வொருவராக வழிக்கு வந்தார்கள். வரிசை போயிற்று. குறைக்க வேண்டியதில் பாதி குறைந்தது.

மீதிப் பாதி காலி ஓட்டத்தில் இருந்தது. லாரி போகும்போது காலி, வரும்போதுதான் லோடு. மரம் ஏற்றாமல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் வெறும் புகை. ஒவ்வொரு லாரியும் எவ்வளவு தூரம் காலியாக ஓடுகிறது என்று கணக்கெடுத்து, அதிகம் ஓடுகிற ஒன்றை நிறுத்திவிடலாம் என்றார் மானேஜர். வரிசையில் நிற்கிற நேரம் மிச்சமானதால் எட்டு லாரியே சமாளித்துவிடும். லாரிகள் ஒப்பந்தக்காரருடையவை. லாரியை நிறுத்தினால் டிரைவருக்கும் அன்றோடு வேலை முடிந்தது.

லாரியில் பொருத்திய கருவி போன வழியெல்லாம் பதிந்து வைக்கும். ஒரு மாதத்துப் பதிவை எடுத்து உட்கார்ந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று. மற்ற எட்டு லாரிகளும் ஏறக்குறைய ஒரே தூரம். நாலாம் நம்பர் மட்டும் ஒவ்வொரு நடைக்கும் பதினாலு கிலோமீட்டர் அதிகம். காட்டுக்குப் போகும்போது மட்டும்தான் அந்த அதிகம், திரும்பும்போது இல்லை.

மலையடிவாரத்திலிருந்து மரம் வெட்டும் இடத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று ஓடையை ஒட்டிப் போகும் காட்டு ரோடு. ஒன்பது கிலோமீட்டர், ஒரு லாரிதான் போக முடியும். இன்னொன்று மலையைச் சுற்றிப் போகும் தார் ரோடு. அதில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. லோடு லாரி அதில் ஏறக் கூடாது, காலி லாரி போகலாம். ஆனாலும் யாரும் அந்த வழியில் போனதில்லை. பக்கத்தில் வழி இருக்கும்போது எவன் சுற்றிக்கொண்டு போவான்? என் வீட்டுக்காரர் போயிருந்தார். அந்த மாதம் முழுக்க, தினமும் இரண்டு தடவை.

அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர், அந்தப் பக்கம் காற்று நன்றாக வரும் என்றார். பொய் சொல்லிப் பழகாத மனுஷருக்குத் திடீரென்று அது வருமா?

“எவ வீட்டு வாசல்ல காத்து வாங்குறீங்க?”

அவர் சிரித்தார். திரும்பாமல்தான் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வயதில், அந்த வயிற்றோடு, சின்ன வீடு ஒன்றும் இருக்காது என்று எனக்கே தெரியும். ஆனாலும் காலி ஓட்டப் பட்டியலை மானேஜரிடம் கொடுக்க இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. காரணம் தெரியாமல் போனால் முதல் வரியில் நாலாம் நம்பர் என்று என் கையாலேயே எழுத வேண்டும். முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்தறியாத மனுஷர். அந்த வயதில் இன்னொருவர் அவருக்கு வண்டி கொடுக்க மாட்டார்.

என் விடுமுறை நாளில் விடிந்ததும் அவருக்கு முன்னால் போய் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். டிரைவரைத் தவிர யாரும் ஏறக் கூடாது என்று வாசலில் அறிவிப்பு இருக்கிறது. அதை எழுதி ஒட்டியதும் நான்தான். அவர் இறங்கச் சொல்லிப் பார்த்தார். இறங்கும் ஜாதி நான் இல்லை என்று தெரிந்ததும் பேசாமல் வண்டியை எடுத்தார்.

சுற்று ரோட்டில் இரண்டு செங்கல் சூளை, பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடம், எடை எழுதிய பலகையோடு அந்தச் சின்னப் பாலம். எந்த வாசலிலும் எவளும் நிற்கவில்லை. அவர் எங்கும் நிறுத்தவுமில்லை. காட்டுக்குள் மரம் ஏற்றும் இடத்துக்குப் போனதும், கிரேன் ஓட்டுகிறவர் கிரேனை விட்டு இறங்கி வந்து லாரிக்கு முன்னால் நின்றுகொண்டார். கையால் இடது, வலது என்று காட்டினார். என் வீட்டுக்காரர் நேராக அவரையே பார்த்துக்கொண்டு லாரியைப் பின்னால் எடுத்தார். எல்லா டிரைவர்களும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்துத்தான் ரிவர்ஸ் எடுப்பார்கள். இவர் தலையை அசைக்கவே இல்லை.

நான் பக்கத்து ஸீட்டிலிருந்து கூப்பிட்டேன். அவர் ஸீட்டிலேயே உடம்பைத் திருப்பினார். ஸ்டியரிங் வயிற்றில் இடித்தது.

“கழுத்து திரும்பலையா?”

“திரும்பும். கொஞ்சம்.”

“எவ்வளவு கொஞ்சம்?”

காட்டினார். கடிகாரத்தில் பெரிய முள் ஐந்து நிமிஷம் நகர்கிற அளவு. அதற்கே முகம் சுளித்தது.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. காட்டு ரோட்டில் லோடு லாரி எதிரே வந்தால், காலி லாரிதான் பின்னால் போய் ஒதுங்குமிடத்தில் நிற்க வேண்டும். அது அவர்களுக்குள் இருக்கும் கட்டுப்பாடு. சில நேரம் முந்நூறு மீட்டர் பின்னால் போக வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஓடை. புழுதியில் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. முன்பு கிளீனர் இருந்தபோது பின்னால் நின்று லாரியைத் தட்டித் தட்டி ‘வரலாம் வரலாம்’ என்று கொண்டுபோய் நிறுத்துவார். இரண்டு வருஷத்துக்கு முன் கிளீனர்களை எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு முன் இவருக்குக் கழுத்து இறுகிவிட்டது. தார் ரோட்டில் கண்ணாடி போதும், ஓடைக்கரையில் போதாது. அதனால் யாரும் எதிரே வராத வழியில் போனார்.

“என்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“நீதானே லாரிப் பட்டியல் எழுதுற. தெரிஞ்சா எழுதாம இருப்பியா?”

எழுதாமல் இருந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அவர்மேல் பாதி. ஒரே வீட்டில் ஒரு வருஷம் அந்தச் சோற்றைத் தின்றும் கண்டுபிடிக்காமல், திரும்பிப் பார்க்கவில்லை என்று சண்டை போட்ட என்மேல் பாதி. கிரேன்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் ரொம்ப வலித்தது.

திரும்பும்போது லோடோடு காட்டு ரோட்டில் வந்தோம். பதினாறு வருஷம் நேரம் குறித்துக் கொடுத்தவள், அந்த ரோட்டில் லோடு லாரியில் உட்கார்ந்து வந்தது அன்றுதான். ஓடையைத் தாண்டியதும் ஒரு ஏற்றம். நடுவில் ஐந்தாம் நம்பர் காலியாக எதிரே வந்தது. அது பின்னால் போய் ஒதுங்கும் வரை நாங்கள் ஏற்றத்திலேயே நின்றோம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பதினோரு நிமிஷம். மறுபடி கிளப்பும்போது எஞ்சின் அலறியது, கரும்புகை வந்தது, பின் சக்கரம் மண்ணைத் தோண்டி ஓடைக்குள் தள்ளியது. மூன்று கிலோமீட்டர் தாண்டி ஏழாம் நம்பர். மீசை சிரித்துக்கொண்டே பின்னால் போனார். பதினாலு நிமிஷம், அதே புகை, அதே மண். இப்படி எல்லா லாரிக்கும், தினமும். என் காகிதத்தில் இதற்கு ஒரு கட்டமே கிடையாது. நாலாம் நம்பர் காலியாகப் போகும்போது மட்டும் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. அதற்கும் கட்டம் கிடையாது.

எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. எல்லாக் காலி லாரியும் சுற்று ரோட்டில் போனால், நாலாம் நம்பரின் பதினாலு கிலோமீட்டர் யார் கண்ணையும் உறுத்தாது. ஊருக்கெல்லாம் ஒரே சட்டை போட்டுவிட்டால் என் வீட்டுக்காரரின் சட்டைக் கிழிசலை யார் தேடப்போகிறார்கள்? சுற்றுச்சூழல், ஓடை, டீசல் என்று மானேஜரிடம் நான் சொன்னதெல்லாம் நிஜம்தான். ஆனால் நான் சொன்னது அதற்காக இல்லை.

தூரம் கூடுமே என்று மானேஜர் தயங்கினார். தூரம் கூடும், டீசல் குறையும், பத்து நாள் விட்டுப் பாருங்கள் என்றேன். கழுத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பட்டியலைப் பத்து நாள் தள்ளிவைத்தார்.

முதல் இரண்டு நாள் டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் முணுமுணுப்பு நின்றது. லோடு லாரி ஏற்றத்தில் ஒரு தடவைகூட நிற்காமல் வந்தது. அரை நாள் ஆகிற நடை மூன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஒரு நாளைக்கு இரண்டு நடை ஓடியவர்கள் பொழுது சாய்வதற்குள் மூன்றாவது நடையை இறக்கிவிட்டுப் போனார்கள். பத்தாம் நாள் டீசலைப் பார்த்தால், வாங்குகிறவர்கள் கேட்டதற்கும் மேலேயே குறைந்திருந்தது. ஓடைத் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று வனக் காவலர் தானாகவே போன் பண்ணிச் சொன்னார். டிரைவர்கள் அந்த வழிக்கு ‘நாலாம் நம்பர் ரோடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவர் காதில் விழாத மாதிரி இருந்தார். ஆனால் அந்த வாரம் முழுக்க இரண்டாவது டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

மானேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இவ்வளவு நாள் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று மனசாரப் பாராட்டினார். அப்புறம் பென்சிலை எடுத்தார்.

“நமக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு நடை போதும் மேடம். ஒரு வண்டி மூணு நடை ஓடுது. அப்போ ஆறு வண்டி போதுமே.”

கூட்டல் பெருக்கல் தெரிந்தவள்தான் நான். ஆனாலும் அந்தப் பத்து நாளில் இந்தப் பெருக்கலை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. ஒன்றைக் காப்பாற்றுவதிலேயே கண்ணாக இருந்துவிட்டேன். எந்த மூன்றை நிறுத்துவது என்று கேட்டேன். இப்போது எல்லா லாரிக்கும் காலி ஓட்டம் ஒன்றுதான், அதனால் எஞ்சினை வைத்துப் பார்ப்பதுதான் நியாயம் என்றார் அவர். பழைய எஞ்சின்தான் அதிகம் புகை விடும். பழையவை மூன்று: நாலு, ஏழு, ஒன்பது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

ஆறு லாரியை ஒன்பது டிரைவர்கள் மாற்றி மாற்றி ஓட்டட்டுமே, அவர்களும் கொஞ்சம் தூங்குவார்களே என்று சொல்லிப் பார்த்தேன். ஒப்பந்தக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த ஜன்னலோரம் பதினாறு வருஷம் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா? நாலாம் நம்பர் யார் என்பது நினைவுக்கு வந்து அவருக்கே முகம் ஒரு மாதிரி ஆயிற்று. எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். பட்டியலை நானே அடித்துக் கொடுத்துவிட வேண்டும், காலையில் பலகையில் ஒட்டிவிடலாம் என்றார்.

அடித்தேன். மூன்று வரிதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். நான் சும்மா இருந்திருந்தால் ஒருவர் போயிருப்பார். என் வீட்டுக்காரரை மட்டும் இறக்கியிருப்பேன். இப்போது அவரோடு மீசையும், போன மாதம்தான் ஆலைக்குப் பக்கத்தில் வீடு மாற்றிக்கொண்டு வந்த ஒன்பதாம் நம்பரும் இறங்க வேண்டும். அவர்கள் மூன்றாவது நடையை வேகவேகமாக ஓடியதே தங்களை இறக்கத்தான் என்று அவர்களுக்கு யார் சொல்வது? பட்டியலின் பிரதி ஒன்றை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு நடக்கும்போது அந்த ஒரு காகிதம் பையைக் கீழே இழுப்பது போல இருந்தது. உடம்பு அவ்வளவு ஓய்ந்திருந்தது.

அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கால்களை வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்புச் சத்தத்திலேயே நான்தான் என்று தெரிந்துகொண்டார். முதுகைக் காட்டியபடியே பேச ஆரம்பித்தார். ஒரு மாதத்துக்குச் சேர்த்துப் பேசுகிற பேச்சை அன்றைக்கே பேசினார். சுற்று ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் கம்பம் நட்டு, காலி லாரி இந்த வழி என்று பலகை மாட்டிவிட்டார்களாம். மீசை லாரியை நிறுத்தி இறங்கி வந்து, உன் வீட்டுக்காரிக்கு ஒரு கும்பிடு போடணும் என்றாராம்.

“இனிமே அந்த ரோட்டுல யாரும் ரிவர்ஸ் எடுக்க வேண்டியதில்ல. இந்தக் கழுத்த வச்சிக்கிட்டே இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டிடுவேன்.”

நான் கதவருகிலேயே நின்றேன். அங்கிருந்தே சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபம். ஆனால் ஒரு வருஷம் அவர் முதுகைப் பார்த்துப் பார்த்தே கத்தியிருக்கிறேன். சுற்றிக்கொண்டு போய் அவருக்கு எதிரே, வாளியை ஒட்டி நின்றேன்.

“மூணு நடை ஓடுறதால ஆறு வண்டி போதுமாம். பழைய எஞ்சின் மூணையும் நிறுத்துறாங்க. ஏழு, ஒம்போது.”

அவர் காத்திருந்தார். நான் மூன்றாவதைச் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து காகிதத்தைக் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்கவில்லை, தொடைமேல் வைத்துக்கொண்டார். வாளித் தண்ணீரில் கால்கள் அசையாமல் இருந்தன.

அவருக்குக் கண் நிறைந்தது. அதை நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தார் போல. அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தார். ஐந்து நிமிஷ முள்ளளவுதான் திரும்ப முடிந்தது. அதற்கு மேல் வரவில்லை. அதனால் நான் திரும்பிக்கொண்டேன்.